கித்தார் இல்லையென்றால் பாட்டு இல்லையா?

மியூஸ் என்னும் ஆங்கிலேய ராக் இசைக்குழு 2015ஆம் ஆண்டு சூன் திங்களில் 'டிரோன்ஸ்' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டது. மொத்தம் 12 தடங்கள். பன்னிரண்டாவது தடத்திற்கும் 'டிரோன்ஸ்' என்றே பெயர். 3 நிமிடத்திற்கும் குறைவான பாடல் அது. அதில் கித்தார் இல்லை, முரசு இல்லை, பியானோவும் இல்லை. தேவாலயத்தில் பாடகர் குழு பாடுவதைப் போல மனிதக் குரல்கள் மட்டுமே ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்து, கடைசியில் 'ஆமென்' என்று அடங்குகின்றன. இந்தச் சிறு பாடலுக்காக அக்குழுவின் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். பத்தாண்டுகள் கடந்த பின்பும் அந்தச் சண்டை ஓயவில்லை.

தமிழாசிரியனுக்கு இந்தச் சண்டையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2023 சூலையில் இக்குழு புக்கிட் ஜாலில் அரங்கத்திற்கு வந்தபோது, என் முன்னாள் மாணவர்கள் சிலர் போய்வந்தார்கள். இப்போது வேலைக்குப் போகும் பிள்ளைகள். பார்க்க வந்தவர்கள் பேச்சுவாக்கில் இந்தப் பாடலைப் பற்றிச் சொன்னார்கள். "அது பாட்டே இல்லங்கய்யா, கோயில் பாட்டு மாதிரி இழுக்கும், நான் எப்பவும் தாண்டிருவேன்" என்றான் ஒருவன். இன்னொருத்தி, "உனக்குக் கிளாசிக்கல் புரியாது" என்று அவனை மட்டந்தட்டினாள். இரண்டு பேரையும் கேட்டேன்: "பாட்டில் என்ன சொல்கிறார்கள்?" இருவரும் விழித்தார்கள்.

இங்கேதான் எனக்கு வேலை இருக்கிறது, ஆசிரியப் பெருமக்களே! பாடலைத் திட்டியவனும் சொல்லைக் கேட்கவில்லை. புகழ்ந்தவளும் சொல்லைக் கேட்கவில்லை. அந்த இருவர் மட்டுமல்லர், உலகம் முழுதும் நடந்த சண்டையின் பெரும்பகுதி இந்தக் கதைதான்.

பாடல் சொல்வது இதுதான். ஒருவர் தம் தாயும் தந்தையும், அக்காளும் தம்பியும், மகனும் மகளும் ஆளில்லா வானூர்தியால் கொல்லப்பட்டார்கள் என்று பாடுகிறார். கொன்றவனைப் பார்த்து, உனக்கு உள்ளே ஏதாவது உணர்வு மிச்சம் இருக்கிறதா என்று கேட்கிறார். வீட்டின் பாதுகாப்பில் இருந்தபடியே இனிக் கொல்லலாமே என்கிறார். சொற்கள் அவ்வளவே. உறவுமுறையை வரிசையாகச் சொல்லி அழுவது நமக்குப் புதிதா என்ன? இழவு வீட்டில் பாட்டிமார் செய்ததுதானே!

இதைத் தாண்டிப் போகிறவர்கள் முன்வைக்கும் குற்றச்சாட்டுகளுள் முதலாவது, 'இது ராக் இசையே அன்று' என்பது. ராக் இசையின் வரலாறு தெரியாதவர் பேசும் பேச்சு. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 1969இல் வெளியிட்ட 'லெட் இட் பிளீட்' தொகுப்பின் கடைசிப் பாடலில் இலண்டன் பாக் பாடகர் குழு பாடியது. பிங்க் ஃபிளாய்டு 1970இல் ஒரு தொகுப்பின் முதல் பக்கம் முழுவதையும் பித்தளை வாத்தியங்களுக்கும் பாடகர் குழுவுக்கும் கொடுத்தது. குவீன் குழுவினர் 1975இல் மூன்றே பேரின் குரல்களைத் திரும்பத் திரும்பப் பதிவுசெய்து ஓர் ஓபரா கூட்டத்தையே உண்டாக்கினார்கள். மியூஸ் ரசிகர்களே 2009இல் வந்த 'தி ரெசிஸ்டன்ஸ்' தொகுப்பின் இறுதியில் மூன்று பாகச் சிம்பொனி ஒன்றைக் கேட்டுக் கைதட்டியவர்கள்தாம். வயலின் கூட்டம் வந்தால் கலை, குரல் கூட்டம் வந்தால் தூக்கம் என்பது என்ன நியாயம்?

இரண்டாவது குற்றச்சாட்டு, 'இது சொந்தச் சரக்கு இல்லை' என்பது. உண்மைதான். பாடகர் மேத்யூ பெல்லமி இதற்கு எடுத்துக்கொண்டது 16ஆம் நூற்றாண்டு இத்தாலியர் பாலெஸ்திரீனாவின் இசை. 'மார்செல்லுஸ் திருத்தந்தை பூசை' என்று பெயர் பெற்ற, 1567இல் அச்சேறிய பூசையிசையில் சாங்க்டுஸ், பெனெடிக்டுஸ் என்னும் பகுதியை ஒட்டி இப்பாடல் எழுந்தது. அதனால் என்ன? பாலெஸ்திரீனாவே எடுத்தாளாதவரா? அவர் காலத்தில் ஊரறிந்த தெருப்பாடலின் மெட்டை எடுத்துப் பூசைக்கு இசையமைப்பது வழக்கமாக இருந்தது. 'ஆயுதம் தாங்கிய மனிதன்' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுப் பாட்டு ஒன்றின் மேல் எத்தனையோ இசைவாணர் பூசைகள் கட்டினார்கள். பாலெஸ்திரீனா கட்டியவை இரண்டு. ஒன்று 1570இல் வெளிவந்தது. போர்வீரன் பாட்டு கோயிலுக்குள் போனது அன்று. கோயில் பாட்டு போர்க்கருவியைப் பாட வெளியே வந்தது இன்று. வந்த வழியே திரும்பிப் போயிருக்கிறது, அவ்வளவுதான்!

எடுத்துக்கொண்ட இடம் எது என்று பார்த்தால்தான் இந்தப் பாடலின் கூர்மை விளங்கும். பூசையில் சாங்க்டுஸ் என்பது வானமும் வையமும் இறைவன் மகிமையால் நிறைந்திருப்பதைப் போற்றும் இடம். பெனெடிக்டுஸ் என்பது ஆண்டவர் பெயரால் வருகிறவரை வாழ்த்தி வரவேற்கும் இடம். பக்தன் தலையை உயர்த்தி மேலே பார்க்கிறான். அதே இசையில், அதே மேல்நோக்கிய பார்வையில், இப்போது வானத்தில் என்ன இருக்கிறது? யாருடைய பெயரால் என்ன வருகிறது? இலத்தீன் சொற்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உறவினரின் சாவுப் பட்டியலை வைத்தவருக்கு, தாம் எதை எடுத்தோம் என்று தெரிந்தே இருக்கும் என்பது என் எண்ணம். மெட்டு இனிமையாக இருக்கிறதே என்று எடுத்ததாக வைத்துக்கொண்டாலும், கேட்கிறவர் காதில் விழுவது இதுதான்.

மூன்றாவது குற்றச்சாட்டை மட்டும் நான் மதிக்கிறேன். 'சொல் விளங்கவில்லை' என்பது அது. நம் பள்ளிச் சபைக்கூடலில் பிள்ளைகள் தேவாரம் பாடும்போது நூறு வாய்க்கும் ஒரே மெட்டு. ஒரே சமயத்தில் ஒரே சொல். பாலெஸ்திரீனாவின் முறை வேறு. ஒரு குரல் தொடங்கும், அது முடியும் முன்னே இரண்டாவது குரல் அதே சொல்லைத் தன் மெட்டில் தொடங்கும், பிறகு மூன்றாவது. நான்கு பேர் நான்கு வழியில் நடந்து ஓரிடத்தில் கூடுவது போல. அழகு மிகுதி. ஆனால் சொல் கரைந்துவிடும்.

இந்தத் தொல்லை 16ஆம் நூற்றாண்டிலேயே பேசப்பட்ட ஒன்று. இரண்டாம் மார்செல்லுஸ் 1555இல் மூன்று வாரம் மட்டுமே திருத்தந்தையாக இருந்து இறந்தவர். அவர் அவ்வாண்டு புனித வெள்ளியன்று பாடகர்களை அழைத்து, பாடும் சொல் கேட்பவருக்கு விளங்க வேண்டும் என்று கண்டித்துச் சொன்னாராம். திரெந்து நகரில் 1545 முதல் 1563 வரை நடந்த திருச்சபைப் பேரவையிலும் இதே கவலை எழுந்தது. பல்குரலிசையையே தடைசெய்யப் போனார்கள், பாலெஸ்திரீனாவின் இந்தப் பூசையைக் கேட்டு மனம் மாறினார்கள் என்று ஒரு கதை நெடுங்காலம் உலவியது. வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்பதில்லை. ஆனால் அவருடைய முறை கவனிக்கத்தக்கது. சொற்கள் மிகுதியாக உள்ள நீண்ட பகுதிகளில் குரல்களைச் சேர்த்து உச்சரிக்க வைத்தார். சாங்க்டுஸ், பெனெடிக்டுஸ் போன்ற சொல் குறைந்த பகுதிகளில் குரல்களை அவிழ்த்துவிட்டார். சில சொற்களே திரும்பத் திரும்ப வருமாகையால் எப்படியும் காதுக்கு எட்டிவிடும்.

மியூஸ் பாடலிலும் அதே கணக்குத்தான். சொல் கொஞ்சம், திரும்புவது பலமுறை. முதல் முறை கேட்கையில் விளங்காது, ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் முறை கேட்க எத்தனை நிமிடம் ஆகும்? மூன்று நிமிடம்கூட ஆகாது. பத்து நிமிடக் கித்தார் பாடலை இருபது முறை கேட்கப் பொறுமை உள்ளவர்களுக்கு இது பெரிய சுமையா?

அந்தப் பத்து நிமிடப் பாடலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'டிரோன்ஸ்' பாடலுக்கு முன்னால் 11ஆவது தடமாக வருவது 'தி குளோபலிஸ்ட்'. சீழ்க்கை ஒலியில் தொடங்கி, இடிமுழக்கமாக வெடித்து, எல்காரின் 'நிம்ரோத்' இசையைத் தழுவிய பியானோவில் முடியும் நீண்ட பாடல். 2001இல் வந்த தங்கள் பழைய பாடல் ஒன்றின் தொடர்ச்சி அது என்று குழுவினர் சொல்லி வைத்ததால் ரசிகர்கள் ஆவலோடு காத்திருந்தார்கள். 'அதோடு முடித்திருந்தால் மகத்தான முடிவாக இருந்திருக்கும், பின்னால் இந்த ஒட்டு எதற்கு?' என்பதே தாண்டிப்போவோர் கட்சியின் முதன்மை வாதம்.

யோசித்துப் பாருங்கள். 'தி குளோபலிஸ்ட்' ஓர் அதிகார வெறியன் எழுந்து, அழித்து, தனியனாக நிற்கும் கதை. அங்கேயே தொகுப்பு முடிந்தால் கடைசிச் சொல் யாருடையது? அழித்தவனுடையது. அவனுடைய தனிமைக்காக நாம் கண்கலங்கிவிட்டு எழுந்து போயிருப்போம். அவன் அழித்தவர்கள் எங்கே? தொகுப்பு முழுதும் பயிற்சியாளன் கத்துகிறான், சிப்பாய் குமுறுகிறான், கென்னடி 1961இல் ஆற்றிய உரைகூட ஒலிக்கிறது. கொல்லப்பட்ட குடும்பத்தின் குரல் பதினோரு தடத்திலும் இல்லை. பன்னிரண்டாவதில்தான் வருகிறது. அதைத்தான் 'தேவையற்ற ஒட்டு' என்கிறார்கள்!

மின்கித்தார் அங்கே வராததும் இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. முன்னுள்ள பாடல்களில் கித்தார் பேசுவது பலத்தை. சில இடங்களில் அது இயந்திரம் போலவே ஒலிக்கிறது. இழந்தவர்களிடம் அந்தப் பலம் இல்லை.

புகழ்கிறவர்கள் கட்சியையும் சும்மா விடக்கூடாது. 'மறுமலர்ச்சிக் கால இசை, பல்குரல் நுட்பம், எவ்வளவு துணிச்சல்!' என்று அவர்கள் எழுதியதைப் படித்தால் எரிச்சல்தான் வருகிறது. பாலெஸ்திரீனா என்ற பெயரைச் சொன்னதும் பாடல் உயர்ந்துவிடுமா? செத்தவர் பட்டியலைக் கேட்டுவிட்டு நுட்பத்தை மெச்சுகிறவரைவிட, அலுப்புத் தட்டித் தாண்டிப் போகிறவர் குறைந்தபட்சம் நேர்மையானவர். பாடலில் குறையே இல்லை என்றும் இவர்கள் சாதிக்கிறார்கள். குறை இருக்கிறது. எல்லாக் குரலும் பெல்லமி ஒருவருடையதே. ஒருவரே பலமுறை பாடி அடுக்கியது. அதனால் ஒரு கூட்டத்திற்குரிய கரடுமுரடு இல்லை. கிழவியின் குரலும் குழந்தையின் குரலும் அதில் இல்லை. உண்மையான பாடகர் குழு பாடியிருந்தால் இன்னும் நெஞ்சைப் பிடித்திருக்கும் என்பேன். ஒரு குடும்பமே அழிந்தபின் எஞ்சிய ஒருவன், எல்லார் பங்கையும் தானே பாடுகிறான் என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அது பாதி நிறைவுதான்.

இவ்வளவு வாதாட என்ன அவசியம் என்றால், அந்தச் சொற்கள் கற்பனை அல்ல. பெல்லமி இத்தொகுப்பை எழுதத் தூண்டியது, அமெரிக்க உளவுத்துறையின் ஆளில்லா வானூர்திப் போரைப் பற்றி பிரையன் கிளின் வில்லியம்ஸ் எழுதிய நூல். நெவாடா மாநிலத்தில், லாஸ் வேகாஸ் நகருக்கு அருகே உள்ள கிரீச் விமானப்படைத் தளத்தில் நாற்காலியில் அமர்ந்து, உலகின் மறுபக்கத்தில் பறக்கும் ஊர்தியை இயக்கிவிட்டு, வேலைநேரம் முடிந்ததும் காரில் வீட்டுக்குப் போகிறவர்கள் இருந்தார்கள். தொகுப்பு வெளியாவதற்கு ஏறக்குறைய ஒன்றரை மாதத்திற்கு முன், 2015 ஏப்ரல் 23 அன்று, அதிபர் ஒபாமா ஓர் அறிவிப்புச் செய்தார். அவ்வாண்டு சனவரியில் ஆப்கானிஸ்தான் – பாகிஸ்தான் எல்லைப் பகுதியில் நடந்த தாக்குதலில், அங்கே பிணைக்கைதிகளாக இருந்த அமெரிக்கர் வாரன் வைன்ஸ்டீன், இத்தாலியர் ஜொவான்னி லோ போர்ட்டோ இருவரும் இறந்தனர் என்றார். குடும்பத்தாரிடம் மன்னிப்பும் கேட்டார். 2009 முதல் 2015 வரை, போர்க்களம் என்று அறிவிக்கப்படாத நாடுகளில் நடந்த தாக்குதல்களில் 64 முதல் 116 பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று அமெரிக்க அரசு 2016இல் கணக்குக் காட்டியது. வெளி அமைப்புகளின் கணக்கு அதைவிடப் பல மடங்கு. இவர்களுள் மிகப் பலருக்குப் பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்க எவரும் இல்லை. 2022க்குப் பின் உக்ரைனில் சிறுவர் விளையாடும் அளவிலான ஊர்திகளே ஆளைத் துரத்திக் கொல்கின்றன.

பெற்றோர்களே, பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு கேட்பது வெறும் இரைச்சல் என்று நீங்கள் ஒதுக்குவது எனக்குத் தெரியும். இந்தப் பாடலை ஒருமுறை அவர்களிடம் கேட்டு வாங்கிக் கேளுங்கள். 'இதில் யார் பேசுகிறார்? யாரிடம் பேசுகிறார்?' என்று அவர்களையே கேளுங்கள். கவிதைப் பாடத்தில் நாம் கேட்கும் அதே கேள்விதான்.

நான் அந்த இருவரிடமும் கேட்டேன். பாடலைத் தாண்டுகிறவன் கைப்பேசியில் அதை ஓடவிட்டான். இடையில் யாரும் பேசவில்லை. 'ஆமென்' வந்ததும், "ஐயா, இதக் கடைசியில சொல்றது யாரு? செத்தவங்களா, கொன்னவனா?" என்று கேட்டான். எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். கொன்றவனும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவனாக இருக்கலாமே, தம்பி!