லிஸ்பன் டிராவியாட்டா: ஒரு மேடை ஒலிப்பதிவின் மதிப்பு

1958 மார்ச் 27 அன்று லிஸ்பன் நகரின் சாவ் கார்லுஷ் அரங்கில் வெர்டியின் ‘லா டிராவியாட்டா’ இசைநாடகம் நிகழ்த்தப்பட்டது. நாயகி வயலெட்டாவாக மரியா காலாஸ், அவளுடைய காதலன் ஆல்ஃப்ரெடோவாக ஆல்ஃப்ரெடோ கிராவுஸ், அவனுடைய தந்தை ஜெர்மோனாக மாரியோ செரேனி ஆகியோர் பாடினார்கள். வாத்தியக்குழுவை நடத்தியவர் பிராங்கோ கியோனே. அன்று நாடாவில் பதிவான ஒலி, காலாஸ் இறந்து மூன்றாண்டுகளுக்குப் பிறகு, 1980இல் இ.எம்.ஐ. நிறுவனத்தின் இசைத்தட்டாக வந்தது. அமெரிக்க நாடகாசிரியர் டெரன்ஸ் மெக்னாலி தம் நாடகம் ஒன்றுக்கு இந்தப் பதிவின் பெயரையே சூட்டினார். இவ்வளவு பெயர்பெற்ற பதிவைப் பற்றி எழுதப்படுபவற்றில் பெரும்பகுதி துதிபாடலாகவோ குறைப்பட்டியலாகவோ நின்றுவிடுகிறது. இரண்டிலும் மதிப்பீடு கிடையாது.

காலாஸின் வயலெட்டாவை அறிய மேடைப் பதிவுகளை விட்டால் வேறு வழி அதிகம் இல்லை. 1951 ஜனவரியில் ஃபுளோரன்ஸில் முதன்முதலாக இந்தப் பாத்திரத்தை ஏற்ற அவர், ஒலிப்பதிவுக்கூடத்தில் ஒரே ஒரு முறைதான் இதைப் பதிவு செய்தார். 1953இல் டூரின் நகரில், கேப்ரியேலே சாந்தினி நடத்த, செத்ரா நிறுவனத்துக்காக அது நடந்தது. அந்த நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தத்தின் நிபந்தனையால் 1955இல் இ.எம்.ஐ. லா ஸ்காலா குழுவுடன் ‘டிராவியாட்டா’வைப் பதிவு செய்தபோது காலாஸால் பாட முடியவில்லை, அந்தோனியெத்தா ஸ்தெல்லா பாடினார். இருபதாம் நூற்றாண்டின் ஒலிப்பதிவு வரலாற்றில் இதைவிட வருத்தம் தரும் ஒப்பந்தங்கள் குறைவு. காலாஸ் பாத்திரத்தை முழுதாக வசப்படுத்திய பின் பாடியவை, 1955 மிலான், 1958 லிஸ்பன், 1958 லண்டன் போன்ற மேடைப் பதிவுகளில்தான் கிடைக்கின்றன. அதே 1958ஆம் ஆண்டின் இறுதியில் டல்லாஸில் பாடியதோடு அவர் வயலெட்டாவை விட்டுவிட்டார்.

இப்படிப்பட்ட பதிவைக் கேட்பவர் முதலில் பார்க்க வேண்டியது நாடாவின் வேகம். பழைய நாடாக்களைப் பிரதி எடுக்கும்போது வேகம் கூடினால் சுருதியும் ஏறும். ஏறத்தாழ ஆறு சதவீதம் கூடினால் முழுசாக அரைச்சுரம் ஏறிவிடும். வேகம் கூடிய பிரதியில் குரல் மெலிந்து, பதற்றமாக ஒலிக்கும். குறைந்த பிரதியில் கனத்து, வயதானது போலத் தோன்றும். பாடகரின் குரல்வளம் பற்றிய எத்தனையோ தீர்ப்புகள் இந்தப் பிசகின்மேல் எழுதப்பட்டவை. சரிபார்ப்பதும் கடினமல்ல. மூன்றாம் அங்கத்தின் ‘அடியோ தெல் பசாத்தோ’ பாடலின் கடைசிச் சுரம் ‘ஏ’. ஒரு கீபோர்டில் அந்தச் சுரத்தை வாசித்துப் பார்த்தால் பிரதி சரியா, தவறா என்பது தெரிந்துவிடும். அன்றைய அரங்கம் சுருதியைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ வைத்திருக்கலாம் என்பதால் சிறு வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம். அரைச்சுர வேறுபாட்டைப் பொறுக்க முடியாது.

அடுத்தது நடுக்கம். 1958இல் காலாஸின் மேல்ஸ்தாயிச் சுரங்கள், உரத்துப் பாடும்போது, அகன்று ஆடத் தொடங்கியிருந்தன. நாடா சீராக ஓடாவிட்டாலும் ஏறக்குறைய இதே விளைவுதான் கேட்கும். இரண்டையும் பிரித்தறிய, குரலை விட்டுவிட்டு அதே கணத்தில் நீளமாக ஒலிக்கும் ஒரு வாத்தியத்தை, ஓபோவையோ கொம்பையோ, கவனிக்க வேண்டும். வாத்தியமும் சேர்ந்து ஆடினால் குற்றம் நாடாவுடையது. வாத்தியம் அசையாமல் நிற்கக் குரல் மட்டும் ஆடினால் அது பாடகருடையது. முதல் அங்கத்தை முடிக்கும் ‘செம்பரே லீபெரா’வின் இறுதியில் காலாஸ் எட்டிப் பிடிக்கும் இ-பிளாட்டில் குரல் கூர்மையாகி விளிம்பு தேய்கிறது. அதற்கு நாடாவைக் குறைசொல்லிப் பயனில்லை. அந்தச் சுரத்தை வெர்டி எழுதவும் இல்லை. சோப்ரானோக்கள் வழக்கமாகச் சேர்த்துக்கொள்வது அது. அதைப் பாடாமல் விட்டிருந்தால் அந்த இரவுக்கு நட்டம் ஒன்றும் இல்லை.

லிஸ்பன் பதிவில் பலருக்கும் எரிச்சல் தருவது, வரிகளை எடுத்துக்கொடுப்பவரின் குரல். மேடையின் முன்விளிம்பில் ஒரு சிறு கூட்டுக்குள் அமர்ந்து, பாடகர் வாயெடுப்பதற்குச் சற்று முன்னால் அடுத்த வரியின் தொடக்கத்தைச் சொல்பவர் அவர். மென்மையான இடங்களில் அவர் குரல் துல்லியமாகக் கேட்கிறது. ஒலிவாங்கி மேடையை ஒட்டி இருந்தது என்பதற்கு இது ஓர் அடையாளம். பாடகர்களின் மூச்சும், சொல்லின் மெய்யெழுத்துகளும் இவ்வளவு தெளிவாகக் கிடைப்பதும் அதனால்தான். 1955 மே 28இல் மிலானின் லா ஸ்காலாவில், விஸ்கோந்தி இயக்கிய புகழ்பெற்ற தயாரிப்பின் முதல் இரவில் எடுத்த பதிவில் ஒலி மங்கி, கம்பளிக்குள் மூடியதுபோல் இருக்கிறது. ஒரு தொந்தரவைப் பொறுத்துக்கொண்டால் இன்னொரு பதிவில் கிடைக்காத நெருக்கம் கிடைக்கிறது என்றால், அதைப் பொறுப்பதே நியாயம்.

இவற்றையெல்லாம் கழித்த பிறகுதான் பாட்டைப் பற்றிய கேள்வி எழுகிறது. ஒலிப்பதிவுக்கூடத்தில் காட்சிகள் வரிசை மாறிப் பதிவாகும். பிசகிய வரியை மறுநாள் பாடி ஒட்டலாம். இறக்கும் காட்சியைக் காலையில் பாடிவிட்டு விருந்துக் காட்சியை மாலையில் பாடலாம். மேடையில் அது நடக்காது. முதல் அங்கத்தின் வேகமான பிர்காக்களில் செலவழித்த மூச்சோடும் குரலோடும்தான் மூன்றாம் அங்கத்துக்கு வந்து சேர வேண்டும். ‘டிராவியாட்டா’ மூன்று அங்கங்களுக்கு மூன்று வகைக் குரலைக் கேட்கும் படைப்பு. ஆகவே மேடைப் பதிவில் முதன்மையாக எடைபோட வேண்டியது ஒரே இரவுக்குள் ஒரு பாத்திரம் எங்கே தொடங்கி எங்கே போய்ச் சேர்கிறது என்பதை. தனித்தனிச் சுரங்களின் தூய்மை அதற்கு அடுத்தபடிதான்.

லிஸ்பனில் இந்தப் பயணம் இரண்டாம் அங்கத்தில், ஜெர்மோனுடனான நீண்ட உரையாடலில் கண்முன் நடக்கிறது. மகனை விட்டு விலகிவிடும்படி தந்தை கேட்கிறார். அவர்களுடைய உறவால் தன் மகளின் திருமணம் தடைப்படும் என்கிறார். வயலெட்டா முதலில் நிமிர்ந்து நின்று பதில் சொல்கிறாள், பிறகு வாதாடுகிறாள், பிறகு இணங்குகிறாள். இணங்கும் இடம் ‘தீத்தே அல்லா ஜோவினே’. அதற்குச் சற்று முன் காலாஸ் ஒரு சுரத்தைப் பிடித்து, ஒலியை மெல்ல மெல்லக் குறைத்து, அறுந்துவிடும் என்று தோன்றும் நிலைவரை கொண்டுபோய், அறுபடாமலே அடுத்த வரிக்குள் இறங்குகிறார். வாத்தியக்குழு அடங்கிக் காத்திருக்கிறது. முடிவெடுக்கும் கணம் அந்தச் சுரத்துக்குள்ளேயே நடந்துவிடுகிறது. பிறகு வரும் சொற்கள் முடிவின் அறிவிப்பு மட்டும். 1953 செத்ரா பதிவில் இதே இடம் இன்னும் உறுதியான குரலில், சுத்தமாக இருக்கிறது. ஆனால் அங்கே முடிவு கேட்பதில்லை. ஐந்தாண்டுகளில் குரல் இழந்ததற்கு ஈடாகப் பாத்திரம் பெற்றது எவ்வளவு என்பதற்கு இந்த ஓர் இடமே போதிய சான்று.

மூன்றாம் அங்கத்தில் ஜெர்மோனின் கடிதத்தை வயலெட்டா பாடாமல் வாசிக்கிறாள். பின்னணியில் வயலின், முதல் அங்கத்தில் கேட்ட காதல் மெட்டை வாசிக்கிறது. பல நடிகைப் பாடகிகள் இங்கே தேவைக்கு மேல் நடிப்பார்கள். காலாஸ் மனப்பாடமான வரிகளை ஒப்பிக்கிற தொனியில் தட்டையாக வாசிக்கிறார். பலமுறை படித்துக் கசங்கிய கடிதம் அது என்பது அந்தத் தொனியிலேயே விளங்குகிறது. தொடரும் பாடலின் கடைசி ‘ஏ’ சுரத்தை நூலிழையாகப் பாடும்படி வெர்டி குறித்திருக்கிறார். காலாஸ் அந்தக் குறிப்பை அப்படியே எடுத்துக்கொள்கிறார். உடைந்துவிடுமோ என்று கேட்பவர் அஞ்சும் அளவுக்கு மெலிந்த ஒலி அது. இதைப் பிசகுக் கணக்கில் சேர்ப்பவர்கள் இசைத்தாளைப் பார்க்கவில்லை. செம்பரே லீபெராவின் இ-பிளாட்டையும் இந்த ‘ஏ’யையும் ஒரே தராசில் வைக்கவே கூடாது: அது எழுதப்படாத ஆடம்பரத்தில் நேர்ந்த தேய்வு, இது எழுதப்பட்டதை நிறைவேற்ற ஏற்றுக்கொண்ட ஆபத்து.

மற்றவர்களில் கிராவுஸ்தான் பெரிய வரவு. அப்போது அவருக்கு முப்பது வயது. மேடைக்கு வந்து இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. கதறல் இல்லாத, நேர்த்தியான பாட்டு. அவசரக்கார இளைஞனின் கூச்சம் அதிலேயே தெரிகிறது. செரேனியின் குரல் அழகானது, ஆனால் தந்தையின் அதிகாரம் அதில் போதவில்லை. 1928இல் பிறந்த அவர் தம் மேடை மகனைவிடச் சில மாதங்கள் இளையவர். கியோனே, ஜீலி பாடிய 1934 ‘பாலியாச்சி’ இசைத்தட்டை நடத்திய பழைய கை. குரலோடு சேர்ந்து மூச்சுவிடத் தெரிந்தவர்தான், எனினும் 1955இல் மிலானில் நடத்திய ஜூலினி வாத்தியங்களிலிருந்து எடுத்த நுட்பம் இங்கே இல்லை. அந்த வகையில் 1955 பதிவே மேல்.

வெட்டுகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். இரண்டாம் அங்கத்தில் ஆல்ஃப்ரெடோவுக்கும் ஜெர்மோனுக்கும் உரிய துரிதப் பாடல்களை விட்டுவிடுவதும், வயலெட்டாவின் தனிப்பாடல்களில் இரண்டாம் சரணத்தைத் தாண்டிப் போவதும் அக்கால வழக்கம். லிஸ்பனும் அந்த வழக்கத்தையே பின்பற்றியது. வெர்டி எழுதிய முழு வடிவம் வேண்டுபவர் ரிக்கார்டோ மூட்டி 1980இல் நடத்திய இ.எம்.ஐ. பதிவுக்குப் போக வேண்டும். அதில் வயலெட்டா ரெனாட்டா ஸ்காட்டோ. ஆல்ஃப்ரெடோ, ஐம்பது வயதைக் கடந்துவிட்ட அதே கிராவுஸ். லிஸ்பனில் விடுபட்ட துரிதப் பாடலை அவர் அதில் பாடியிருக்கிறார்.