நம்மைக் கேளாது நமக்கொரு தீர்ப்பா?

இருதரப்பையும் கேளாது வழங்கும் தீர்ப்பு நீதியன்று என்பது நீதிமன்ற வாசலை மிதியாதவரும் அறிந்த நியாயம். ஆயினும், நம் உடலின்மீது அன்றாடம் நிறைவேற்றப்படும் தீர்ப்புக்கள் சில, நம்மைக் கேளாமலே எழுதப்பட்டவை. அவற்றுக்கு மேன்முறையீடும் இல்லை. பாரிசவாதத்தால் வீழ்ந்தவரை எவ்வாறு எழுப்புவது, எப்போது பயிற்சி தொடங்குவது, எதனைக் குணம் என்று கொள்வது என்பவற்றைத் தீர்மானிக்கும் மறுவாழ்வு ஆராய்ச்சிகளையே குறிப்பிடுகின்றேன். அவ்வாராய்ச்சிகளில் எவர் சேர்க்கப்படுகின்றனர், எவர் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகின்றனர் என்பது மருத்துவர்க்கு மட்டும் உரிய வினாவன்று. அது குடிமக்களின் உரிமை வினா.

“பயிற்சி தருவதற்கே ஆளில்லாத நாட்டில் ஆராய்ச்சி எதற்கு?” என்று கேட்பார் உளர். இயன்மருத்துவர் வேண்டும், அதில் இரண்டாம் கருத்தில்லை. ஆனால் அந்த இயன்மருத்துவர் எதனைச் செய்ய வேண்டுமென்று முடிவு செய்வது எது? ஆராய்ச்சியன்றோ! நல்லெண்ணம் ஒன்றே போதுமென்றால் ஆராய்ச்சி வேண்டியதில்லை. ஆனால் நல்லெண்ணமும் பிழைபடும். நோயாளியை 24 மணி நேரத்துள் படுக்கையை விட்டு எழுப்பி, அடிக்கடி நடமாடச் செய்தல் நன்றென்றே பலரும் நம்பினர். ஐந்து நாடுகளில் 56 வைத்தியசாலைகளில் 2,104 நோயாளரைக் கொண்டு நடந்த ‘அவேர்ட்’ என்னும் ஆய்வின் முடிவு 2015இல் வெளிவந்தது. மூன்று மாதங்களின் பின், அவ்வாறு விரைவாகவும் மிகுதியாகவும் எழுப்பப்பட்டோரில் 100க்கு 46 பேரும், வழமையான பராமரிப்புப் பெற்றோரில் 100க்கு 50 பேரும் நன்னிலை எய்தியிருந்தனர். நம்பிக்கை ஒன்று, உண்மை வேறொன்று.

நமக்கு அண்மையிலுள்ள இந்தியாவை நோக்குவோம். குடும்பத்தவர் ஒருவருக்குப் பயிற்சியளித்து, அவரைக் கொண்டே வீட்டில் மறுவாழ்வுப் பயிற்சி செய்விக்கலாமா என்று 14 வைத்தியசாலைகளில் 1,250 நோயாளரை வைத்து ஆராய்ந்தனர். ‘அற்றென்ட்’ எனப்பட்ட அவ்வாய்வின் முடிவு 2017இல் வெளியாயிற்று. ஆறு மாதங்களின் பின், இறந்தோரும் பிறர் கையை எதிர்பார்த்து வாழ்வோருமாக இரு பிரிவிலும் 100க்கு 47 பேர் இருந்தனர். பயிற்சியால் வேறுபாடு காணப்படவில்லை. ஏழை நாடுகளுக்கு இதுவே மலிவான வழியென எண்ணியிருந்தோர்க்கு இது பெரும் பாடம். இந்தியரை வைத்து ஆராய்ந்தமையாலன்றோ இவ்வுண்மை இந்தியர்க்குத் தெரிந்தது!

ஆனால் அவ்வாய்விலும் ஒரு நிபந்தனை இருந்தது: பராமரிக்கக் குடும்பத்தவர் ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஆய்வின் கேள்விக்கு அது தவிர்க்கவியலாத நிபந்தனை. ஆயினும் அதே நிபந்தனையைக் கொடிகாமத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். மூத்த மகன் ரொறன்ரோவில், இளையவன் இலண்டனில், கணவர் போரில் மாண்டார். தென்னங்காணியைப் பார்த்துக்கொண்டு தனித்திருக்கும் அம்மாவுக்கு ஒரு காலை கையும் காலும் விழுந்துவிட்டன. அவர் சேரத் தகாதவர்! யாருக்கு உதவி மிகுதியாகத் தேவையோ அவரே முதலில் நீக்கப்படுகின்றார். அவரைப் போன்றோர்க்கு எது பயன்தரும் என்பதை எந்த ஆய்வு சொல்லும்?

நீக்கப்படுவோர் அவர் மட்டுமல்லர். பேச்சிழந்தோர் சம்மதம் தெரிவிக்க மாட்டாரெனப் பல ஆய்வுகள் அவர்களை ஒதுக்குகின்றன. பேச்சு இழந்தவர் அறிவிழந்தவர் அல்லர். படங்காட்டி, எளிய சொல்லால், பொறுமையாக விளக்கினால் அவருள் பலர் தம் விருப்பத்தைத் தெரிவிக்க வல்லவர். மிக முதியோர் ஒதுக்கப்படுகின்றனர். ஆய்வின் மொழி அறியாதோர் ஒதுக்கப்படுகின்றனர். மாதந்தோறும் நகருக்கு வந்துபோக இயலாதோர் தாமே ஒதுங்கிவிடுகின்றனர். நாட்கூலிக்காரர் ஒருவர் தம் தந்தையை முச்சக்கரவண்டியில் ஏற்றிக் கொடிகாமத்திலிருந்து யாழ்ப்பாணம் போய் வந்தால், வண்டிக் கூலியும் போயிற்று, அன்றைய வருவாயும் போயிற்று. “நோயாளி தொடர்ந்து வரவில்லை” என்று ஏட்டில் ஒரு வரி எழுதப்படும். வரவில்லையா, வரவிடப்படவில்லையா?

இன்னுமொன்று. 2000ஆம் ஆண்டுப் போரில் தென்மராட்சி பட்ட பாட்டை நான் விரிக்க வேண்டியதில்லை. எறிகணைச் சிதறலை உடலிற் சுமந்து வாழ்வோர் நம்மிடையே உளர். தலையில் உலோகத் துண்டு உள்ளவர்க்கு மூளையைக் காந்தத்தால் தூண்டும் சிகிச்சை ஆகாது. காந்தப் படம் எடுப்பதற்கும் உலோகம் தடையாகலாம். அது பாதுகாப்பு விதி, அதனைக் குறைகூறேன். ஆனால் அவர்களுக்கென வேறொரு வழியை ஆராயாது, விதியைக் காட்டிக் கதவை மூடிவிடுதல் எந்த நீதி? போர் ஒருமுறை ஒதுக்கிற்று. ஆராய்ச்சி மறுமுறை ஒதுக்குவதா?

சேர்க்கப்படாதவனின் வாழ்வு அளவுகோலிலும் இடம்பெறாது. குணத்தை அளக்க உலகெங்கும் வழங்குவது பார்தெல் அளவுகோல். அமெரிக்காவில் 1965இல் வெளியிடப்பட்டது. உண்ணுதல், குளித்தல், உடுத்தல், நடத்தல் முதலிய பத்தில் ஒன்று படியேறுதல். மாடியில்லா வீட்டில் வாழும் நம் விவசாயிக்குப் படியேறுதல் பெரிதன்று. கிணற்றில் நீர் அள்ளுதல், நிலத்தில் அமர்ந்து எழுதல், திருவலையில் தேங்காய் திருவுதல், வரம்பில் வழுக்காது நடத்தல், சோற்றை வலக்கையால் பிசைந்துண்ணல்: இவையன்றோ அவர் மீட்க விரும்புவன! இவற்றை எவரும் கேட்கவில்லை. கேட்கப்பட வேண்டியவர் அவையில் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? மனிதர் பங்குகொள்ளும் மருத்துவ ஆராய்ச்சிக்கு 1964இல் ஹெல்சிங்கியில் வகுக்கப்பட்ட பிரகடனம், ஆராய்ச்சியிற் போதிய இடம்பெறாத மக்களுக்கும் பங்கேற்கத் தக்க வாய்ப்பளிக்க வேண்டுமென 2008ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் விதிக்கின்றது. தன் அரச நிதியில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளில் பெண்களும் சிறுபான்மையினரும் சேர்க்கப்பட வேண்டுமென 1993இல் அமெரிக்கா சட்டமே இயற்றியது. நம் நாட்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை மொழி காரணமாகவோ பிறந்த இடம் காரணமாகவோ பாகுபாடு கூடாதென்கிறது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழை அரச கரும மொழியாக்கிற்று. அரச வைத்தியசாலையில் நடைபெறும் ஆய்வொன்று, “தமிழில் படிவமில்லை” என்ற காரணத்தால் ஒரு நோயாளியைத் திருப்பி அனுப்புமாயின், அதனை வெறும் வசதிக்குறைவென்று விட்டுவிட முடியாது.

“செலவு மிகும், காலம் நீளும்” என்பது ஆராய்ச்சியாளர் தரப்பு வாதம். மறுமுறை பாரிசவாதம் வாராது தடுக்கும் வழியொன்றை இந்தியாவில் 31 மையங்களில் ஆராய்ந்து 2023இல் முடிவு வெளியிட்டவர்கள், குறுஞ்செய்தியையும் காணொளியையும் கைந்நூலையும் பல பிராந்திய மொழிகளில் ஆக்கியே அதனைச் செய்தனர். அங்கே பல மொழிகளில் இயன்றது இங்கே இரு மொழிகளில் இயலாதா? வேண்டியது மனமே.

நம்மவர் தரப்பிலும் ஒரு தடை உண்டு. “எங்களைச் சோதனை எலிகளாக்குவதா?” என்ற அச்சம் அது. ஏமாற்றப்பட்டுப் பழகிய மக்களின் அச்சத்தை நான் எள்ளேன். ஆனால் சோதனை எலிக்குச் சம்மதமில்லை, விலகும் உரிமையில்லை, கேள்வி கேட்க நாவில்லை. நமக்கு இம்மூன்றும் உண்டு. விளங்காத தாளில் ஒப்பமிடாதீர், விளங்கும்வரை கேளுங்கள், வேண்டாமெனில் எப்போதும் விலகுங்கள், அதனால் உங்கள் வழமையான சிகிச்சை குன்றலாகாது. அஞ்சி ஒதுங்குவதால் நாம் பாதுகாக்கப்படுவதில்லை. வேற்றூரில் வேற்றுடலில் கண்ட முடிவு எவ்வாறாயினும் நம்மீது பயன்படுத்தப்படும்.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. எந்த ஆய்வுக்கும் தமிழில் எழுத்திலும் வாய்மொழியிலும் விளக்கம் வேண்டும். எழுத்தறியாதார்க்குப் பக்கஞ்சாராச் சாட்சி முன்னிலையில் பெருவிரல் அடையாளம் ஏற்கப்பட வேண்டும். பயணச் செலவும் இழந்த கூலியும் ஆய்வு நிதியிலிருந்தே வழங்கப்பட வேண்டும். தொடர்பரிசோதனை சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையிலோ நோயாளியின் வீட்டிலோ நடத்தப்பட வேண்டும். எத்தனை பேர், என்ன காரணத்தால் நீக்கப்பட்டனர் என்ற கணக்கை நெறிமுறைக் குழு கேட்டு வாங்கி வெளியிட வேண்டும். முடிவு வந்தபின் பங்குகொண்டோர்க்கு அவர்தம் மொழியில் அதனை அறிவிக்க வேண்டும்.

1978இல் தொடங்கிய மருத்துவ பீடம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உண்டு. போதனா வைத்தியசாலை உண்டு. அங்குள்ள அறிஞர்கள் இப்பணிக்கு முன்னிற்பது கடன். சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே, 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கின்றது. நீக்கப்பட்டோர் கணக்கைக் கேட்டு எழுதுங்கள். விவசாயப் பெருமக்களே, உங்கள் சங்கக் கூட்டத்தில் இதனை ஒரு தீர்மானமாக எடுங்கள். வழக்கில் நாமும் ஒரு தரப்பு. நம் பெயரையும் கூப்பிட்டு, நம் வாக்குமூலத்தையும் பதிந்த பின்னரே தீர்ப்பு எழுதப்படட்டும்!