டிசிடி கியர் ஆயில்: ‘லைஃப்டைம்’ என்றால் யாருடைய ஆயுள்?

ஓசூரில் வீடு, எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. இந்த ஏற்பாட்டில் இருப்பவர்களுக்கு அத்திப்பள்ளியும் சந்தாபுராவும் எத்தனை மணிக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். நத்தை வேகம். கிளட்ச்சை மிதித்து மிதித்து இடது கால் வலித்ததில், அடுத்த கார் ஆட்டோமேட்டிக்தான் என்று முடிவெடுத்து டிசிடி வாங்கியவர்கள் நிறைய. கால் வலி போச்சு. ஆனால் கிளட்ச் எங்கும் போகவில்லை.

டிசிடி, டிஎஸ்ஜி, டிசிஏ என்று கம்பெனிக்கு ஒரு பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது இரட்டை கிளட்ச். ஒன்று 1, 3, 5 ஆகிய கியர்களைக் கவனிக்கிறது. இன்னொன்று 2, 4, 6-ஐ. மூன்றாவது கியரில் ஓடும்போதே நான்காவது தயாராக நிற்பதால், கண் சிமிட்டுவதற்குள் கியர் மாறிவிடும். டிராஃபிக்கில் வண்டி ஊர்ந்தால், நீங்கள் முன்பு காலால் செய்த அரைக் கிளட்ச் வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. தகடுகள் வழுக்கிச் சூடாவது அப்போதுதான். கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூருக்கு ஏறும் சாலையைவிட, சந்தாபுரா சிக்னலில் அரை அடி அரை அடியாக நகர்வதுதான் இந்த கியர்பாக்ஸுக்குக் கஷ்டம்.

இங்கே ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்: உங்கள் காரில் இருப்பது ‘வெட்’ கிளட்ச்சா, ‘டிரை’ கிளட்ச்சா? லோகோவைப் பார்த்துச் சொல்ல முடியாது. 2013-ல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியாவில் 1.8 பெட்ரோலுக்கு 7 கியர் டிரை கிளட்ச், 2.0 டீசலுக்கு 6 கியர் வெட் கிளட்ச். ஒரே கார், பின்னால் ஒரே டிஎஸ்ஜி. டாடா அல்ட்ராஸ் டிசிஏ வெட் கிளட்ச். கியா செல்டோஸின் 7 கியர் டிசிடி டிரை.

டிரை வகையில் கிளட்ச் தகடு ஆயிலைத் தொடாது. கியர்களுக்கு மட்டும் கொஞ்சம் ஆயில். வெட் வகையிலோ கிளட்ச் ஆயிலிலேயே குளிக்கிறது. சூட்டை வாங்குவதும், தகட்டிலிருந்து உதிரும் தூளைச் சுமப்பதும் அந்த ஆயில்தான். அதனால் அது கெட்டுப்போகும். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 6 கியர் வெட் டிஎஸ்ஜிக்கு 60,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும் என்பது கம்பெனியே வைத்த கணக்கு. ஓசூர் - எலெக்ட்ரானிக் சிட்டி தினமும் போய்வந்து, வாரக் கடைசியில் ஊருக்கும் போகிறவர் நான்கு வருடத்தில் அதைத் தொட்டுவிடுவார். வாரன்டியும் பெரும்பாலும் அதையொட்டித்தான் முடியும்.

‘லைஃப்டைம் ஆயில் சார், தொடவே வேண்டாம்’ என்று சர்வீஸ் சென்டரில் சொன்னால்? 2013-ல் நடந்ததைப் பாருங்கள். மார்ச்சில் சீனாவில் டிஎஸ்ஜி புகார்களுக்காக 3.84 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்த ஃபோக்ஸ்வாகன், நவம்பரில் உலகம் முழுக்க 16 லட்சம் கார்களை அழைத்தது. ஆயில் மாற்றுவதற்காக! 7 கியர் டிரை டிஎஸ்ஜியில் ஊற்றியிருந்த சிந்தெடிக் ஆயில், சூடும் ஈரப்பதமும் உள்ள இடங்களில் மின்சாரக் கோளாறை உண்டாக்கலாம் என்று தெரிந்து, மினரல் ஆயிலுக்கு மாற்றினார்கள். மாற்றும் கெடுவே குறிக்காத கியர்பாக்ஸ் அது. ‘லைஃப்டைம்’ என்பது கம்பெனி எதிர்பார்க்கும் ஆயுள். உங்கள் ஈஎம்ஐ முடிந்து, வண்டியை வாங்கும் இரண்டாவது ஓனரின் ஆயுள் அதில் சேர்த்தியா என்று யாரும் சொல்வதில்லை. பல மேனுவல்களில் கடைசிப் பக்கங்களில் ‘கடினமான பயன்பாடு’ என்று தனி அட்டவணை இருக்கும். நெரிசலும் வெயிலும் அதில் வரும். நம் ஊர் ஓட்டத்துக்கு அதுதான் பொருந்தும். அதைக் கேட்காமலேயே கஸ்டமருக்குக் காட்ட வேண்டியது சர்வீஸ் சென்டர்களின் பொறுப்பு.

மாற்றும் வேலை இன்ஜின் ஆயில் மாதிரி இல்லை. அந்த 6 கியர் பெட்டியில் மொத்தம் 7 லிட்டர் அளவுக்கு ஆயில் இருந்தாலும் ஒருமுறை வடிவது சுமார் 5 லிட்டர்தான். புது ஆயில் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, ஸ்கேனரில் ஆயில் சூடு 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும்போது லெவல் பார்க்க வேண்டும். சூடானால் ஆயில் விரியும். கொதிக்கும் வண்டியில் பார்த்தால் போதும்போலத் தெரியும், ஆறினால் குறையும். ஓசூரில் கைராசியான மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஸ்கேனர் இல்லாத ஷெட்டில் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். ‘ஏடிஎஃப் ஊத்திக்கலாம் சார், எல்லாம் ஒண்ணுதான்’ என்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். மேனுவலில் எந்த ஆயில் குறியீடு போட்டிருக்கிறதோ அதுதான்.

பெங்களூருவிலிருந்து கேஏ நம்பரோடு செகண்ட்ஹேண்ட் டிசிடி எடுக்கிறீர்களா? வெட் கிளட்ச் வண்டி 60,000 தாண்டியிருந்தால் ஆயில் மாற்றிய பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லலாம். ஆயிரங்களில் முடிகிற கணக்கு அது, மெக்காட்ரானிக் போனால் லட்சங்களில் பேச வேண்டியிருக்கும். முதல் கியரில் ஊரும்போது வண்டி இப்போதே உதறினால், ‘ஆயில் மாத்தினா சரியாயிடும்’ என்ற பேச்சை நம்ப வேண்டாம். தேய்ந்த தகட்டை ஆயில் வளர்க்காது.