ஒரு வாரம் உனக்கு, ஒரு வாரம் எனக்கு!

இங்கிலாந்தில் லிவர்பூல் என்று ஒரு துறைமுகப் பட்டணம் இருக்கிறது. 1958-ம் ஆண்டு ஜூலை மாதம் ஒரு நாள், அந்தப் பட்டணத்தில் ஐந்து பையன்கள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தார்கள். கையில் கிதார் இருந்தது. சட்டைப் பையில் காசு அதிகம் இல்லை.

அது கென்சிங்டன் தெருவில் 38-ம் நம்பர் வீடு. வீட்டுக்காரர் பெயர் பெர்சி பிலிப்ஸ். அவர் மின்சாரச் சாமான் வியாபாரி. வீட்டின் பின் அறையில் ஒலிப்பதிவு இயந்திரம் வைத்திருந்தார். காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் அங்கே பாடலாம். பாடியதை இசைத்தட்டில் பதிந்து கையில் கொடுத்துவிடுவார்.

பையன்கள் இரண்டு பாட்டுப் பாடினார்கள். அறையில் ஒரே ஒரு மைக்தான் இருந்தது. கூலி 17 ஷில்லிங் 6 பென்ஸ் என்று சொல்கிறார்கள். அதாவது ஒரு பவுன்கூட இல்லை. ஐந்து பேரும் தட்டுத் தடுமாறிச் சேர்த்துக் கொடுத்த காசு அது.

கிடைத்தது ஒரே ஒரு தட்டு!

ஐந்து பேருக்கு ஒரு தட்டு என்றால் என்ன செய்வது? ஆளுக்கு ஒரு வாரம் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. தட்டு முறைப்படி கை மாறியது. கடைசியில் பியானோ வாசித்த ஜான் லோ என்ற பையனிடம் போய்ச் சேர்ந்தது. அவருடைய ஒரு வாரம் 23 வருஷம் நீடித்தது!

மற்ற நால்வரில் டிரம் அடித்தவர் காலின் ஹான்டன். மீதி மூன்று பேர் யார் தெரியுமா? ஜான் லெனன், வயது 17. பால் மெக்கார்ட்னி, வயது 16. ஜார்ஜ் ஹாரிசன், வயது 15. இந்த மூவரும்தான் பிற்பாடு 'பீட்டில்ஸ்' என்ற பெயரில் உலகத்தையே ஆட்டி வைத்தவர்கள். 1962-ல் ரிங்கோ ஸ்டார் டிரம் அடிக்க வந்து சேர்ந்தார். நால்வர் கோஷ்டி நிலைபெற்றது. 1970-ல் கோஷ்டி கலைந்தது. அவர்களுடைய பாட்டுக்கு உள்ள மவுசு மட்டும் கலையவில்லை.

மாதிரிப் பதிவு

கிதாரும் டிரம்மும் அதிர, இளைஞர்கள் கூடிப் பாடும் மேல்நாட்டு இசைக்கு ராக் என்று பெயர். ராக் கோஷ்டிகள் ஒரு பாட்டை விற்பனைக்குப் பதிவு செய்வதற்கு முன்னால், "இதுதான் எங்கள் சரக்கு" என்று காட்டுவதற்காக ஒரு பதிவு செய்வது உண்டு. சில சமயம் மெட்டு மறந்துவிடாமல் இருப்பதற்காக வீட்டிலேயே பதிந்து வைப்பதும் உண்டு. இவற்றுக்கு டெமோ என்று பெயர். மாதிரிப் பதிவு என்று வைத்துக்கொள்ளலாம்.

மாதிரிப் பதிவு கடைக்கு வருவதற்காகச் செய்யப்பட்டது அல்ல. அதில் சுருதி பிசகும். குரல் நடுங்கும். நடுவில் யாராவது சிரித்துவிடுவார்கள். கரகரவென்று இரைச்சல் கேட்கும்.

ஆனால் பீட்டில்ஸ் ரசிகர்கள் இவற்றைத் தேடித் தேடிக் கேட்கிறார்கள். வேலையைத் திருத்தமாக முடித்து வெளியிட்ட இசைத்தட்டுகள் வீடு நிறைய இருந்தும், இந்தக் கரகரப்புக்கு ஏங்குகிறார்கள். இது என்ன பைத்தியம் என்று கேட்பவர்கள் உண்டு.

பைத்தியம் அல்ல. குழந்தை வளர்ந்து பெரிய வக்கீல் ஆகிவிடலாம். கோர்ட்டில் அவன் பேச்சைக் கேட்க ஊரே திரளலாம். ஆனாலும் அவனுடைய தாயார் நினைத்து நினைத்து மகிழ்வது, அவன் முதன்முதலில் தத்தித் தத்திப் பேசிய பேச்சைத்தானே?

அந்த 1958-ம் வருஷத் தட்டையே பாருங்கள். ஒரு பாட்டு, அப்போது புகழ் பெற்றிருந்த அமெரிக்கப் பாடகர் பட்டி ஹாலியின் பாட்டு. மற்றது சொந்தப் பாட்டு. பாலும் ஜார்ஜும் சேர்ந்து அமைத்தது. 'இன் ஸ்பைட் ஆஃப் ஆல் தி டேஞ்சர்' என்று பெயர். எத்தனை ஆபத்து வந்தாலும் என்று அர்த்தம். பாடியவர் லெனன். பால் கூடச் சேர்ந்து பாடுகிறார். ஜார்ஜ் கிதாரில் விரலைத் தேடித் தேடி வைக்கிறார்.

லெனனுக்கு முதன்முதலில் வாத்தியம் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய தாயார் ஜூலியா. பான்ஜோ என்ற தந்தி வாத்தியத்தில் எங்கே விரல் வைப்பது என்று காட்டிக்கொடுத்தார். இந்தத் தட்டு பதிவான அதே மாதம், ஜூலை 15-ந் தேதி, கார் மோதி அந்த அம்மாள் இறந்துபோனார். பாலுக்கு அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்பே தாயார் இல்லை. புற்றுநோய் கொண்டு போய்விட்டது.

இது தெரிந்த ரசிகன் காதில் அந்தப் பாட்டு வேறு மாதிரி விழுகிறது. அதில் பாடுகிற பையனுக்கு இன்னும் தாய் இருக்கிறாள். இன்னும் சில நாட்களில் இருக்கமாட்டாள். அது அவனுக்குத் தெரியாது. கேட்கிறவனுக்குத் தெரியும். எத்தனை லட்சம் செலவழித்துப் பதிந்த தட்டிலும் இது கிடைக்காது.

40 விநாடி எங்கே?

1981-ல் ஜான் லோவிடமிருந்து அந்தத் தட்டை மெக்கார்ட்னி விலைக்கு வாங்கினார். என்ன விலை என்று வெளியே சொல்லவில்லை. அதைச் செப்பனிட்டு, சுமார் 50 பிரதி எடுத்து, உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் பரிசாகக் கொடுத்தார். பொது ஜனங்களுக்கு அது கிடைக்க மேலும் 14 வருஷம் ஆயிற்று. 1995-ல் 'ஆந்தாலஜி' என்ற தொகுப்பின் முதல் பாகத்தில் அந்தப் பாட்டு வெளிவந்தது. அந்தத் தொகுப்பு அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே 8 லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. பழைய கரகரப்புக்கு ஜனங்கள் காசு தரமாட்டார்கள் என்று எண்ணியவர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள்.

ஆனால் ரசிகர்களுக்கு ஒரு மனக்குறை. அசல் தட்டில் பாட்டு மூன்று நிமிடம் 25 விநாடி ஓடுகிறது. 1995 தொகுப்பில் அது இரண்டே முக்கால் நிமிடம்கூட முழுசாக இல்லை. சுமார் 40 விநாடி வெட்டப்பட்டிருந்தது!

ஏன் வெட்டினார்கள்? திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருகிறது, கேட்பவருக்குச் சலிப்புத் தட்டும் என்று நினைத்திருக்கலாம். விற்பனைக்கு வரும் புதுப் பாட்டு என்றால் அது நியாயம். இது புதுப் பாட்டு அல்லவே! பதினைந்து பதினாறு வயசுப் பையன்களுக்குப் பாட்டை எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. அந்தத் தெரியாமைதான் கேட்க வேண்டிய விஷயம். அதையே வெட்டிவிட்டால் மிச்சம் என்ன? பாட்டனார் எழுதிய கடிதத்தில் எழுத்துப்பிழை இருக்கிறது என்று யாராவது திருத்தி எழுதி வைப்பார்களா?

தோற்றுப்போன பரீட்சை

1962 ஜனவரி முதல் தேதி. புத்தாண்டு நாள். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் அன்று விடுமுறை கிடையாது. பீட்டில்ஸ் கோஷ்டி லண்டனில் டெக்கா என்ற பெரிய இசைத்தட்டுக் கம்பெனியில் பரீட்சைக்கு வந்திருந்தது. முதல் நாள் லிவர்பூலிலிருந்து பனியில் வேன் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அப்போது டிரம் அடித்தவர் பீட் பெஸ்ட். இவர்கள் கொண்டுபோன ஒலிபெருக்கிப் பெட்டிகள் இரைகின்றன என்று ஸ்டூடியோக்காரர்கள் ஒதுக்கிவிட்டார்கள். பழகாத பெட்டிகளோடு 15 பாட்டுப் பாடினார்கள்.

முடிவு? தோல்வி! கம்பெனி வேறு ஒரு கோஷ்டியை எடுத்துக்கொண்டது.

அன்றைய பதிவைக் கேட்டால் பயம் தெரிகிறது. மெக்கார்ட்னியின் குரல் சில இடங்களில் நடுங்குகிறது. ஆனால் அந்தப் பதிவு வீண் போகவில்லை. கோஷ்டியின் மானேஜர் பிரையன் எப்ஸ்டீன், அதை எடுத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். கடைசியில் அது ஜார்ஜ் மார்ட்டின் என்பவர் காதில் விழுந்தது. அவரும் பெரிதாக மயங்கிவிடவில்லை. ஆனாலும் நேரில் வரச் சொன்னார். 1962 அக்டோபரில் இவர்களுடைய முதல் தட்டு அவர் கையால் வெளிவந்தது. முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்கள். இவர்கள் விஷயத்தில் அது பலிக்கவில்லை.

இந்தப் பரீட்சைப் பாட்டுகளும் நெடுங்காலம் கடைக்கு வரவில்லை. 1970-களில் திருட்டுத் தட்டுகளாக நடமாடின. திருட்டுத் தட்டு வாங்குவது தப்புதான். பாடியவனுக்கு அதில் ஒரு காசு போகாது. ஆனால் சொந்தக்காரர்கள் பெட்டியைப் பூட்டியே வைத்திருந்தால், பூட்டை உடைப்பவனுக்கு வியாபாரம் நடக்கத்தான் செய்யும். 1995 தொகுப்பில் அந்தப் பதினைந்தில் ஐந்து பாட்டுகள் முறைப்படி வந்தன.

2013-ல் ஒரு வேடிக்கை நடந்தது. 50 வருஷத்துக்குள் வெளியிடாத பதிவுக்கு உரிமை போய்விடும் என்பது ஐரோப்பியச் சட்டம். 1963-ல் பதிந்தவற்றுக்குக் கெடு நெருங்கியது. டிசம்பரில் 59 பதிவுகள் திடீரென்று விற்பனைக்கு வந்தன! ரசிகர்கள் கேட்டபோது வராதது, சட்டம் கேட்டபோது வந்தது.

ரிஷிகேசத்திலிருந்து வந்த பாட்டுகள்

முழுசாகக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 1968 பிப்ரவரியில் பீட்டில்ஸ் நால்வரும் இமயமலை அடிவாரத்தில் ரிஷிகேசத்துக்கு வந்தார்கள். மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்தில் தியானம் கற்றார்கள். அங்கே மின்சார வாத்தியம் கிடையாது. மரக் கிதாரை வைத்துக்கொண்டு பாட்டு மேல் பாட்டாகக் கட்டினார்கள்.

ஊர் திரும்பியதும் மே மாதக் கடைசியில், லண்டனுக்கு அருகே ஈஷர் என்ற ஊரில் ஜார்ஜ் ஹாரிசனின் வீட்டில் கூடினார்கள். அந்தப் பாட்டுகளை டேப் ரிக்கார்டரில் பதிந்தார்கள். ஐம்பது வருஷம் கழித்து, 2018-ல், 27 பதிவுகளை வரிசையாக அப்படியே வெளியிட்டார்கள்.

கேட்டால் நண்பர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. கைதட்டுகிறார்கள், விளையாட்டாகக் குரல் கொடுக்கிறார்கள். ரிஷிகேசத்துச் சாலையைப் பற்றி லெனன் ஒரு பாட்டுப் பாடுகிறார். அந்த மெட்டுக்கு 1971-ல் வேறு வார்த்தைகள் போட்டு 'ஜெலஸ் கை' என்று வெளியிட்டார். அது பிரபலமானது. ரிஷிகேசம் அதிலிருந்து மறைந்துபோயிற்று. மாதிரிப் பதிவு இல்லாவிட்டால் நம் நாட்டுச் சாலை ஒன்று அந்த மெட்டுக்குள் இருந்தது என்பதே காதுக்கு எட்டியிருக்காது.

செத்தவர் குரல்

இனி கடைசிக் கதை. லெனன் 1970-களின் பிற்பகுதியில், நியூயார்க்கில் தம் வீட்டில் பியானோ வாசித்துக்கொண்டே ஒரு பாட்டைக் கேசட்டில் பதிந்து வைத்தார். 1980 டிசம்பர் 8-ந் தேதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1994-ல் அவருடைய மனைவி யோகோ ஓனோ கேசட்டுகளை மெக்கார்ட்னியிடம் கொடுத்தார். மற்ற மூவரும் சேர்ந்து இரண்டு பாட்டுகளை முடித்து வெளியிட்டார்கள். மூன்றாவதைக் கைவிட்டார்கள். பியானோ சத்தத்தில் குரல் அமுங்கிக் கிடந்தது.

2001-ல் ஹாரிசனும் இறந்தார். அதன் பிறகு, குரலை வேறாகவும் வாத்தியத்தை வேறாகவும் பிரிக்கும் கம்ப்யூட்டர் முறை வந்தது. மெக்கார்ட்னியும் ரிங்கோவும் பாட்டை முடித்தார்கள். ஹாரிசன் 1995-ல் வாசித்த கிதாரும் அதில் இருக்கிறது. 'நவ் அண்ட் தென்' என்ற அந்தப் பாட்டு 2023 நவம்பரில் வெளிவந்து பிரிட்டனில் முதல் இடம் பிடித்தது. எண்பது வயதான மெக்கார்ட்னி, பதினாறு வயசில் கூடப் பாடியவனோடு மறுபடி பாடினார். கேட்டவர்கள் கண்ணீர் விட்டார்கள். அதில் பொய் இல்லை.

ஆனால் இங்கேயும் கத்தரி விழுந்தது! லெனன் கேசட்டில் பாடியிருந்த ஒரு பகுதி முடிந்த பாட்டில் இல்லை. அந்தப் பகுதியில்தான் உருக்கம் அதிகம் என்று பல ரசிகர்கள் வருந்தினார்கள்.

அழகு செய்ய வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. செய்யட்டும், புதுப் பாட்டாக விற்கட்டும். பக்கத்திலேயே அசலையும், இரைச்சலோடும் பிசகோடும், ஒரு விநாடி குறையாமல் வைக்கட்டும். எங்கே வெட்டியது, எங்கே ஒட்டியது என்று உறையில் இரண்டு வரி அச்சிடட்டும். காசு கொடுப்பவன் அவ்வளவு கேட்க உரிமை உள்ளவன். "பாடியவர்களே இதை வெளியிட விரும்பவில்லையே" என்று ஒரு வாதம் உண்டு. உயிரோடு இருப்பவர் வேண்டாம் என்றால் அதை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் வெளியிடுவது என்று முடிவு செய்த பிறகு பாதியை மறைப்பானேன்?

1958 தட்டு பிழைத்தது ஜான் லோ அதைத் தூக்கி எறியாததால். எல்லாப் பதிவுக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. ஆனாலும் எதிர்பாராத இடத்தில் சில கிடைக்கின்றன. கனடாவில் வான்கூவர் நகரத்தில் பழைய இசைத்தட்டுக் கடை ஒன்று இருக்கிறது. பீட்டில்ஸ் மாதிரிப் பதிவு என்று மேலே எழுதிய ஒரு டேப் அங்கே வருஷக்கணக்காகக் கிடந்தது. ஏதோ திருட்டுப் பிரதி என்று கடைக்காரர் கவனிக்காமல் விட்டிருந்தார். 2025-ல் ஒரு நாள் அதை எடுத்து ஓட்டிப் பார்த்தார். கரகரப்பு இல்லை. பக்கத்து அறையில் நின்று பாடுவது போல் கேட்டது. டெக்கா கம்பெனியில் புத்தாண்டு அன்று தோற்றுப்போன அதே பரீட்சை!