"நல்லாத்தான் இருக்குங்க!" என்ற பதிலை நம்பலாமா? மார்பக புற்றுநோய் பெண்களின் ஓ.பி. அவஸ்தை

சென்னை நகரில் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் இன்று முதல் இடம் மார்பக புற்றுநோய்க்குத்தான். 1981-ம் ஆண்டு அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் நகரத்துக்கான நோய்ப் பதிவேடு தொடங்கியபோது நிலைமை வேறு. அப்போது கருப்பை வாய் புற்றுநோய்தான் முன்னால் நின்றது. இப்போது இடம் மாறிவிட்டது.

நாடு முழுவதும் கணக்குப் பார்த்தால், 2022-ம் ஆண்டில் மட்டும் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் கண்டது. சுமார் 98 ஆயிரம் பேர் பலியானார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு போட்டுள்ள மதிப்பீடு இது.

கட்டில் இல்லாத வைத்தியம்

கேன்சர் என்றாலே மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக் கிடப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது பழைய கதை. ஆபரேஷனுக்குச் சில நாள் தங்குவதோடு சரி. மற்றதெல்லாம் பெரும்பாலும் "ஓ.பி."தான்.

கீமோ ஊசி பல பேருக்கு 21 நாளைக்கு ஒரு தடவை. "கரண்ட் வைப்பது" என்று ஜனங்கள் சொல்லும் கதிர்வீச்சு சிகிச்சை வாரத்தில் 5 நாள் வீதம் 3 முதல் 5 வாரம். அப்புறம் பல பேருக்கு ஹார்மோன் மாத்திரை 5 வருஷம், சிலருக்கு 10 வருஷம். ஆக, இந்தப் பெண்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் வார்டு அல்ல. வரிசை, பெஞ்சு, கவுண்டர்!

"அடுத்த வாரம் வாம்மா!"

ஊசி போடும் நாளில் முதலில் ரத்தப் பரிசோதனை. வெள்ளை அணுக்கள் போதுமான அளவு இருக்கிறதா என்று ரிப்போர்ட் வர வேண்டும். அதைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்து எழுதுவார். காப்பீட்டில் வைத்தியம் என்றால் அதற்கு அனுமதி வேண்டும். மருந்து கலந்து வர வேண்டும். அதற்குப் பிறகுதான் ஊசி.

அணுக்கள் குறைவாக இருந்தால் "அடுத்த வாரம் வாம்மா" என்று திருப்பி அனுப்பி விடுவார்கள். டாக்டர் செய்வது சரிதான். அந்த நிலையில் ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஆனால் ஏன் என்று சொல்லாமல் அனுப்பினால் என்ன ஆகும்? விழுப்புரம் பக்கத்து கிராமத்தில் விடியும் முன்னே பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை விட்டு, துணைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு வருகிற பெண்ணுக்கு அது வைத்தியமாகத் தெரியாது. விரட்டி விட்டதாகத்தான் தெரியும்.

வாய் திறக்காத காரணம்

இப்படி வருகிறவர்களிடம் "உங்களுக்குத் திருப்தியா?" என்று கேட்டுப் பாருங்கள். "எல்லாம் நல்லாத்தான் இருக்குங்க" என்பதுதான் பதிலாக வரும். காரணம் இருக்கிறது. மறுபடியும் அதே டாக்டரிடம்தான் வர வேண்டும். காசு வாங்காமல் வைத்தியம் பார்க்கிற இடத்தில் குறை சொன்னால் நன்றி கெட்டதனம் ஆகிவிடுமோ என்ற தயக்கம் வேறு. "உயிரோட இருக்கேனே, அது போதாதா?" என்ற எண்ணமும் உண்டு. பதில் பொய் அல்ல. ஆனால் அதை வைத்து எதையும் திருத்த முடியாது.

ஐரோப்பாவில் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு ஒன்று இதற்காகவே, ஓ.பி. நோயாளிகளிடம் கேட்க 35 கேள்விகளைத் தயாரித்தது. டாக்டர் காது கொடுத்துக் கேட்டாரா, நர்ஸ் எப்படி நடந்துகொண்டார், விவரம் சொன்னார்களா, எவ்வளவு நேரம் காக்க வைத்தார்கள் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்கிறார்கள்.

இங்கேயும் அப்படித்தான் கேட்க வேண்டும். எத்தனை மணிக்கு வந்தீர்கள், எத்தனை மணிக்கு டாக்டரைப் பார்த்தீர்கள்? நோய் எந்தக் கட்டம், இன்னும் எத்தனை ஊசி என்று யாராவது சொன்னார்களா? மார்பைப் பரிசோதித்தபோது திரை போட்டிருந்ததா, கூட ஒரு பெண் இருந்தாரா? ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை வீங்காமல் இருக்க என்ன பயிற்சி என்று காட்டினார்களா? ஊசி போட்ட பிறகு ராத்திரியில் காய்ச்சல் வந்தால் யாருக்குப் போன் செய்வது என்று தெரியுமா? கடைசிக் கேள்வி சாதாரணமல்ல. கீமோவுக்குப் பின் காய்ச்சல் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

உயிர் சம்பந்தப்பட்ட கணக்கு

இதெல்லாம் வெறும் மரியாதைப் பிரச்சினை என்று நினைக்கக் கூடாது. 2023-ல் உலக சுகாதார நிறுவனம் மூன்று இலக்குகளை வைத்தது. 60 சதவீதத்துக்கு மேற்பட்ட நோயாளிகளை ஆரம்பக் கட்டங்களிலேயே பிடிக்க வேண்டும். டாக்டரிடம் வந்த 60 நாளுக்குள் என்ன நோய் என்று முடிவு தெரிய வேண்டும். குறைந்தது 80 சதவீதம் பேர் வைத்தியத்தை முழுசாக முடிக்க வேண்டும்.

இந்த மூன்றாவது இலக்கு ஓ.பி. பெஞ்சில்தான் ஜெயிக்கும் அல்லது தோற்கும். மனசு வெறுத்து நான்காவது ஊசியோடு ஒரு பெண் நின்றுவிட்டால், மிச்சமிருக்கும் நோய் மறுபடி தலை தூக்க வழி பிறக்கிறது. ஆபரேஷனும் அதுவரை பட்ட பாடும் வீணாகலாம்.

என்ன செய்யலாம்?

டாக்டர்களை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. கூட்டம் அப்படி. ஆனால் சில காரியங்களுக்குக் கோடி ரூபாய் மெஷின் தேவை இல்லை. எல்லாரையும் காலையிலேயே வரச் சொல்லாமல் நேரம் பிரித்து டோக்கன் கொடுக்கலாம். ரத்தப் பரிசோதனையை முந்தின நாளே சொந்த ஊர் ஆஸ்பத்திரியில் முடித்துவிட்டால், அணுக்கள் குறைந்தவர்கள் வீணாகப் பஸ் ஏற வேண்டாம். விளக்கம் சொல்வதற்கென்றே ஒரு நர்சை உட்கார வைக்கலாம். குறைகளைப் பெயர் எழுதாத சீட்டில் வாங்கலாம். அதை வாங்குகிறவர் வைத்தியம் பார்க்கும் டாக்டராக இருக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, குறித்த தேதியில் எத்தனை பேர் அடுத்த ஊசிக்கு வந்தார்கள் என்று ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் எண்ண வேண்டும். வராதவர் வீட்டுக்கு அன்று சாயங்காலமே ஒரு போன் போக வேண்டும். வாயால் சொல்லத் தயங்கும் குறையை, காலியாகக் கிடக்கும் அந்த நாற்காலி சொல்லிவிடும்.