தூங்கி எழுந்தாலும் தெளியாத மூளை: நீண்டகாலக் கோவிடில் தூக்கத்துக்கு என்ன பங்கு?

"கோவிட் எல்லாம் முடிஞ்சு போச்சு" என்று சொல்லிப் பழகிவிட்டோம். உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் தேதி அவசரநிலையை முடிவுக்குக் கொண்டுவந்தது. சிங்கப்பூர் அதற்கு முன்பே, அந்த ஆண்டு பிப்ரவரியில், எச்சரிக்கை நிலையைப் பச்சைக்கு மாற்றிவிட்டது.

சிலருக்கு மட்டும் அது இன்னும் முடியவில்லை. காய்ச்சலும் இருமலும் போய்விட்டன, களைப்பு போகவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்த சொல் வர மறுக்கிறது. ஒரு மின்னஞ்சலை மூன்று தடவை படித்தாலும் மண்டையில் ஏறுவதில்லை. இரவில் தூக்கமும் சரியில்லை.

தூக்கம் கெட்டதால்தான் மூளை மந்தமாகிறதா? இல்லை, கிருமியே இரண்டையும் கெடுத்துவிட்டதா? ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகத் துருவிக்கொண்டிருக்கும் கேள்வி இது. தூக்கம்தான் காரணம் என்றால், அதைச் சரிசெய்ய நம்மிடம் ஏற்கெனவே வழிகள் உண்டு.

எதை நீண்டகாலக் கோவிட் என்கிறோம்?

2021 அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனம் ஒரு வரையறை கொடுத்தது. தொற்று ஏற்பட்டு வழக்கமாக 3 மாதங்களுக்குப் பிறகும் அறிகுறிகள் இருக்கவேண்டும். அவை குறைந்தது 2 மாதம் நீடித்திருக்கவேண்டும். வேறு எந்த நோயாலும் அவற்றை விளக்க முடியக்கூடாது. களைப்பு, மூச்சுத்திணறல், சிந்திக்கும் திறனில் கோளாறு ஆகிய மூன்றும் அதில் தனியாகக் குறிப்பிடப்பட்டுள்ளன.

இன்னொன்று: 'லாங் கோவிட்' என்ற பெயரை வைத்தவர்கள் மருத்துவர்கள் இல்லை. 2020இல் சமூக ஊடகத்தில் நோயாளிகளே புழங்க ஆரம்பித்த சொல் அது. பெயரே அப்படி வந்ததால், "எங்களை யாரும் நம்பல" என்ற ஆதங்கம் இந்த நோயோடு ஆரம்பத்திலிருந்தே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சிங்கப்பூரில் தேசியத் தொற்றுநோய் நிலையம் தொடக்க காலத்தில் தொற்றியவர்களைக் கண்காணித்தது. 6 மாதம் கழித்தும் சுமார் பத்தில் ஒருவருக்கு ஏதாவது ஓர் அறிகுறி இருந்தது. அது தடுப்பூசி பரவலாவதற்கு முந்திய கணக்கு. இன்றைய நிலையை அதைவைத்து அளக்கக்கூடாது.

மூளை மந்தம் எவ்வளவு மோசம்?

'பிரெயின் ஃபாக்' என்று எல்லாரும் சொல்வதை அளந்து பார்த்த பெரிய ஆய்வுகளில் ஒன்று பிரிட்டனின் இம்பீரியல் கல்லூரியிலிருந்து 2024இல் வந்தது. சுமார் 113,000 பேர் இணையம்வழி நினைவாற்றல், சிந்தனைத் திறன் சோதனைகளைச் செய்தனர்.

தொற்றே வராதவர்களோடு ஒப்பிட்டால், வந்து குணமானவர்களின் மதிப்பெண் ஐக்யூ அளவில் சுமார் 3 புள்ளி குறைவு. அறிகுறிகள் இன்னும் தீராதவர்களுக்குச் சுமார் 6 புள்ளி.

இது பேரிடி போன்ற எண் கிடையாது. ஆனால் அது சராசரி மட்டுமே. நாள் முழுக்கக் கணக்கு, குறியீடு, மொழிபெயர்ப்பு என்று மூளையை வைத்துப் பிழைப்பவருக்குச் சின்ன சறுக்கலும் உடனே தெரியும்.

அதே ஆய்வில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. நீண்ட நாள் அவதிப்பட்டு, பிறகு அறிகுறிகள் முழுதாக நீங்கியவர்களின் மதிப்பெண், சீக்கிரமே குணமானவர்களுடையதைப் போலவே இருந்தது. அவர்கள் தொற்றுக்கு முன் எவ்வளவு எடுத்திருப்பார்கள் என்று யாரும் அளந்து வைக்கவில்லை என்பதையும் மறக்கவேண்டாம்.

தூக்கம் எங்கே வருகிறது?

அமெரிக்காவின் கிளீவ்லண்ட் மருத்துவமனை, நீண்டகாலக் கோவிட் சிகிச்சைக்கு வந்த 962 பேரைக் கேட்டது. மிதமான அல்லது கடுமையான தூக்கக் கோளாறு இருப்பதாகச் சொன்னவர்கள் 41 விழுக்காட்டினர். களைப்பு அதைவிட அதிகம், 67 விழுக்காடு.

தூக்கம் குறைந்தால் மூளைக்கு என்ன ஆகும் என்பது கோவிடுக்கு ரொம்ப முன்பே தெரிந்த விஷயம். 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஆரோக்கியமானவர்களை இரண்டு வாரம் இரவுக்கு 6 மணிநேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். கடைசியில் அவர்களின் கவனத்திறன், இரவு முழுக்கக் கண்மூடாமல் இருந்தவர்களின் அளவுக்கு இறங்கியது. ஆனால் தாங்கள் அவ்வளவு மோசமாக இருக்கிறோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை!

நம் ஊரிலும் ஆதாரம் உண்டு. டியூக்-என்யூஎஸ் மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள் 15 முதல் 19 வயது மாணவர்கள் சிலரை ஒரு வாரம் 5 மணிநேரம் மட்டும் தூங்க அனுமதித்தனர். கவனம், வேலை நினைவாற்றல், மனநிலை எல்லாம் சரிந்தன. பிறகு இரண்டு இரவு நன்றாகத் தூங்கியும் முழுதாக மீளவில்லை. தேர்வு நேரத்தில் இதைச் செய்யாதவர் யார் என்று கேட்டால் கை தூக்க ஆள் இருக்காது.

ஆக, கோவிட் வந்த ஒருவரின் தூக்கம் மாதக்கணக்கில் கெட்டுப்போனால், மறதியும் கவனச்சிதறலும் வருவதில் ஆச்சரியம் இல்லை.

அப்படியென்றால் தூங்கினால் சரியாகிவிடுமா?

இங்கேதான் சிக்கல். நீண்டகாலக் கோவிட் உள்ள எல்லாருக்கும் தூக்கம் குறைவு என்று சொல்ல முடியாது. சிலர் 10 மணிநேரம் தூங்குகிறார்கள். எழுந்தால் தூங்கின மாதிரியே இல்லை.

அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகங்கள் 'ரிகவர்' என்ற பெரிய திட்டத்தை நடத்துகின்றன. அதன் தூக்கச் சோதனைகளே இரண்டாகப் பிரிக்கப்பட்டவை. பகலிலும் அளவுக்கு மீறித் தூக்கம் வருபவர்களுக்கு விழிப்பூட்டும் மருந்துகள். தூக்கம் தாறுமாறானவர்களுக்கு மெலட்டோனினும் ஒளி சிகிச்சையும். ஒரே நோய்க்குள் எதிரெதிரான இரண்டு பிரச்சினைகள்!

கிருமி இரண்டு பக்கமும் கைவரிசை காட்டியிருக்கலாம் என்பதும் நியாயமான வாதம். உடலில் தணியாமல் இருக்கும் அழற்சி, இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் தானாகக் கவனித்துக்கொள்ளும் நரம்பு மண்டலத்தின் தடுமாற்றம் ஆகியவை தூக்கத்தையும் கெடுக்கும், சிந்தனையையும் கெடுக்கும். மனச்சோர்வும் பதற்றமும் அப்படித்தான். இரண்டு விஷயங்கள் சேர்ந்தே வருகின்றன என்பதை வைத்து ஒன்றுதான் இன்னொன்றுக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

'தூங்கும்போது மூளை தன் கழிவைக் கழுவிக்கொள்கிறது' என்ற காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். 2013இல் எலிகளில் செய்த ஆய்வு அது. 2024இல் வேறொரு குழு, அதுவும் எலிகளில், தூக்கத்தில் அந்தச் சுத்திகரிப்பு குறைகிறது என்று சொன்னது. விவாதம் முடியவில்லை. அதனால் அந்தக் கதையை நேராக நீண்டகாலக் கோவிடோடு முடிச்சுப்போடும் பதிவுகளைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.

மூளையை நேரடியாகப் பழக்கினால் போதுமா என்றும் பார்த்துவிட்டார்கள். 'ரிகவர்' திட்டத்தின் இன்னொரு சோதனையில் கணினிவழி மூளைப் பயிற்சி, மெல்லிய மின்தூண்டல் போன்றவை ஒப்பிடப்பட்டன. எதுவும் மற்றதைவிடத் தெளிவாக மேலானதாகத் தெரியவில்லை.

"என்ன லா, ஒரு வாரம் நல்லா தூங்கு, சரியாயிடும்" என்று வேலையிடத்தில் யாராவது சொன்னால், அதில் பாதிதான் உண்மை. தூக்கத்தைக் கவனிப்பது நல்லது. அதைச் சாக்காக வைத்து நோயே இல்லை என்று ஒதுக்குவது தவறு. மருத்துவ விடுப்பு கேட்பவரின் ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாகவே இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

என்ன செய்யலாம்?

முதலில் மூச்சைப் பாருங்கள். சிங்கப்பூரில் 2016இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குத் தூக்கத்தில் மிதமான அல்லது கடுமையான மூச்சுக் கோளாறு இருந்தது. பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. குறட்டை, காலையில் தலைவலி, பகலில் தூக்கம் இருந்தால், எல்லாவற்றையும் கோவிட்மீது போடுவதற்குமுன் தூக்கச் சோதனை பற்றிக் கேட்கலாம். இதற்குச் சிகிச்சை உண்டு.

தூக்கமே வராத பிரச்சினை நீடித்தால், மருத்துவர்கள் முதலில் பரிந்துரைப்பது மாத்திரையை அல்ல. தூக்கமின்மைக்கான அறிவாற்றல்-நடத்தை சிகிச்சையைத்தான். மருந்துக்கடையில் தானாக வாங்கும் சில ஒவ்வாமை மாத்திரைகள் தூக்கத்தைக் கொடுக்கும். மறுநாள் மந்தத்தையும் சேர்த்துக் கொடுக்கும்.

கைக்கடிகாரம் காட்டும் 'ஆழ்ந்த தூக்கம்' என்பது ஒரு கணிப்பு. எத்தனை மணிக்குப் படுத்து எழுகிறீர்கள் என்ற போக்கைப் பார்க்க உதவும். மதிப்பெண் குறைந்ததே என்று கவலைப்பட்டுத் தூக்கத்தைத் தொலைப்பவர்களும் உண்டு. அதற்கு 2017இல் ஆய்வாளர்கள் 'ஆர்த்தோசோம்னியா' என்று தனிப் பெயரே வைத்துவிட்டார்கள்.

உடற்பயிற்சியில் ரொம்பக் கவனம் தேவை. 'வியர்க்க ஓடினால் நல்லா தூக்கம் வரும்' என்பது பொதுவாகச் சரியான ஆலோசனை. ஆனால் கொஞ்சம் உழைத்தாலும் மறுநாள், அதற்கு மறுநாள் படுத்த படுக்கையாகும் வகையினர் நீண்டகாலக் கோவிடில் பலர். அவர்களுக்கு அது எதிராகவே வேலை செய்யும். தெம்பு தீருவதற்குள் ஓய்வெடுத்து, வேலையைப் பகிர்ந்து செய்வதே அவர்களுக்குப் பொருந்தும்.

பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ போகும்போது "டயர்டா இருக்கு" என்று மட்டும் சொன்னால் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு சின்னக் குறிப்பு எழுதிக் கொண்டுபோங்கள்: எப்போது படுத்தீர்கள், எத்தனை தடவை விழித்தீர்கள், எந்த நாளில் எந்த வேலையில் மூளை நின்றது, முந்தின நாள் என்ன செய்தீர்கள், என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள். வாகனம் ஓட்டும்போது கண் சொக்கினால் அதைக் கட்டாயம் முதலில் சொல்லுங்கள்.