புழுவைக் கண்டதும் மருந்தா?

ஆடிப் பட்டத்திற்குப் பாத்தி கொத்தும்பொழுது மண்வெட்டி முனையில் வெண்புழு ஒன்று புரண்டு விழுமாயின், “கடையில் என்ன மருந்து இருக்கிறது?” என்று கேட்பது தண்டலத்து அங்கத்தினர் பலருக்கும் வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் நமக்கு உடன்பாடன்று. முதலில் கேட்கத் தக்கது, “இஃது எந்தப் புழு?” என்பதே.

புழுவைச் சமதரையில் விட்டுப் பாருங்கள். கால்கள் மேல்நோக்கியிருக்க, முதுகினாலேயே ஊர்ந்து செல்லுமாயின் அது பூவண்டின் புழு. மக்கிய இலைதழைகளைத் தின்று எருவாக்கும் அதனை அழிப்பது வீண் வேலை. எருக்குழியில் கட்டைவிரல் பருமனில் கிடப்பது பெரும்பாலும் காண்டாமிருக வண்டின் புழு. பாத்திப் பயிருக்கு இதனால் கேடில்லை. ஆயினும் வண்டானபின் தென்னங்குருத்தைக் குடையும். தென்னை வைத்திருப்போர் எருக்குழியைக் கிளறிப் பொறுக்கியே தீரவேண்டும். மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சணத்தைக் குழியில் கலப்பதும் நன்று. செடி மஞ்சளித்து வாடி, இழுத்த மாத்திரத்தில் வேரற்றுக் கையோடு வருமாயின், அதனடியில் பிறைபோல் வளைந்து கிடப்பதே வேர்ப்புழு. நிலக்கடலைக்கும் காய்கறிக்கும் பகை இதுவே.

ஒரு காலத்தில் இதற்குப் பி.எச்.சி. தூளே கைகண்ட மருந்தெனப்பட்டது. 1997இல் அது தடை செய்யப்பட்டது. பின்னர் வந்த போரேட் குருணையும் 2020 டிசம்பர் 31உடன் விலக்கப்பட்டது. எவர் வீட்டுப் பரணிலேனும் பழைய பொட்டலம் எஞ்சியிருக்குமாயின், பிள்ளைகள் உண்ணும் கீரைப் பாத்திக்கு அதனைக் கொண்டு செல்ல வேண்டாம்.

வேர்ப்புழுவை மண்ணுக்குள் தேடுவதைவிட அதன் தாயை மரத்தில் பிடிப்பது எளிது. கோடை மழை பெய்து மண் நனைந்ததும், அந்தி மயங்கும் வேளையில் வண்டுகள் வெளிவந்து வேம்பிலும் முருங்கையிலும் தழை தின்னும். விடியுமுன் மண்ணுக்குத் திரும்பி முட்டையிடும். ஆண்டுக்கு ஒரே தலைமுறைதான். ஆதலின் அச்சில இரவுகளில் மரத்தடியில் பழைய வேட்டியை விரித்துக் கிளையை உலுக்கி, விழும் வண்டுகளை மண்ணெண்ணெய் கலந்த நீரில் இட்டால் அவ்வாண்டின் தொல்லை பெரிதும் குறையும்.

ஆனால் ஒருவர் மட்டும் உலுக்கிப் பயனில்லை. அடுத்த வீட்டு வேம்பிலிருந்து வண்டு பறந்து வரும். இராஜஸ்தானத்தில் ஜெய்ப்பூரை அடுத்த துர்க்காபுராவை நடுவாகக் கொண்டு இப்புழுவை ஆராய்ந்த அறிஞர்களும் ஊர் கூடிச் செய்ய வேண்டிய வேலை இது என்றே வற்புறுத்தி வந்துள்ளனர். நமக்கு இது புதிய பாடமா? 1904இல் நம் பக்கத்துத் திரூரில் கடன் சங்கம் கண்டவர்களும் தனியொருவரால் ஆகாததைக் கூடிச் செய்யவே முனைந்தனர்.

நெசவாளர் சிலர், “எமக்கு நிலமேது?” என்பர். புழக்கடையில் ஒரு முருங்கை நிற்குமாயின் அவரும் இதில் பங்காளியே. தொழிற்சாலை மதில்களுக்குள் நிற்கும் மரங்கள்தாம் சிக்கல். அங்கே நாம் கிளை உலுக்கப் புகமுடியாது. நிர்வாகத்தாருக்குச் சங்கத்தின் பெயரால் மழைக்கு முன்னரே கடிதம் எழுதிக் கேட்கலாம். மண்ணெண்ணெய்ச் செலவைச் சங்கம் ஏற்பதா, தெருவுக்குத் தெரு பிரித்துக்கொள்வதா என்பதை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் எழுப்பவேண்டும் என்பது நம் கோரிக்கை.